அக்கா வீட்டு அடுப்பு

திருவண்ணாமலைக்குப் போய் வந்தவர்கள் கோயிலைப் பற்றி எழுதுவார்கள். கிரிவலத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுதப் போவது என் அக்கா வீட்டுச் சமையலறையைப் பற்றி. சிரிக்காதீர்கள், சகோதரிகளே! படித்து முடித்ததும் உங்கள் வீட்டு வெந்நீர் அடுப்புக்கு மேலே கூரையை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். அது போதும் எனக்கு.

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் அது. செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் பழைய வீடு. முன்கட்டு தளம் போட்டது. பின்கட்டில் சமையலறை, பனங்கை போட்டு நாட்டு ஓடு வேய்ந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே மலைதான். 2,668 அடி உயரம் என்பார்கள். எனக்கென்னவோ அது நம் கொல்லையில் வந்து உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

கார்த்திகை தீபத்துக்கு அந்த வீட்டில் முப்பது பேருக்குக் குறையாமல் கூடிவிடுவோம். காஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் விடியற்காலைக் குளிரில் முப்பது பேர் குளிக்க அண்டா அண்டாவாக வெந்நீர் வைத்தால் சிலிண்டர் என்னத்துக்கு ஆகும்? ஆகவே வெந்நீருக்கும், பெரிய பானைச் சோற்றுக்கும் விறகடுப்பு. மூலையில் மூன்று பக்கம் மண் வைத்த அடுப்பு, மேலே ஓட்டில் இரண்டை விலக்கி வைத்த ஓட்டை. புகை போனால் போகும், போகாவிட்டால் நம் கண்ணுக்குள் போகும்!

அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அறுபது வருஷம் அந்த அடுப்பு முன்னால் உட்கார்ந்தவர். 2023 கோடையில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டி, பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டாராம். அத்தைக்கு வந்ததே கோபம்! "நான் எங்கேப்பா குடிச்சேன்? அடுப்பு குடிச்சுது, நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்" என்றார்களாம்.

அந்த டாக்டர் சிரிக்கவில்லை. நுரையீரலின் மூச்சுக்குழாய்கள் புகையால் சுருங்கிப் போயிருக்கின்றன, இழந்தது திரும்ப வராது, இனிமேலாவது புகையில் உட்காராமல் இருந்தால் மேலும் கெடாமல் பார்த்துக் கொள்ளலாம் என்று சொல்லி, உறிஞ்சும் மருந்தை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குள் எரிக்கும் விறகு, சாணம், கரிப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பெண்களும், அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான் அதிகம் அவதிப்படுகிறவர்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

வீட்டுக்கு வந்ததும் மாமா (அக்காவின் கணவர்) முதல் காரியமாக ஆளைக் கூட்டி வந்தார். பழைய மண் அடுப்பின் வயிற்றுக்குள் கதவு வைத்த இரும்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, சுற்றிலும் செங்கல் வைத்துப் பூசி, தகரக் குழாய் ஒன்றை ஓட்டு வழியாக வெளியே விட்டார்கள். ஊட்டி பங்களாக்களில் பழைய கணப்பு பார்த்திருப்பீர்களே, குளிர் தேசங்களில் அதற்குள்ளும் இப்படித்தான் இரும்புப் பெட்டியைச் செருகுகிறார்கள். திறந்த நெருப்பில் சூட்டில் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடுகிறது. பெட்டிக்குள் எரித்தால் விறகும் மிச்சம், சூடும் மிச்சம். அக்கா அப்போது போனில், "என் சமையல்கட்டு இப்போ பூஜை ரூம் மாதிரி இருக்குடி" என்று பீற்றிக் கொண்டாள்.

2023 நவம்பர் 26, தீபம். மாலை ஆறு மணிக்கு எல்லாரும் மொட்டை மாடியில். மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே எழுப்பும் கோஷத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், உடம்பு சிலிர்க்கும். பிள்ளைகள் பொரி உருண்டை கேட்டார்கள். எடுத்து வரச் சமையலறைக்குள் போனேன்.

ஒரு வாசனை. விறகு வாசனை இல்லை. பழைய பனை ஓலையைத் தணலில் போட்டால் வருமே, அது. அடுப்பில் வெந்நீர் அண்டா, பெட்டிக் கதவு சாத்தியிருந்தது. மேலே பார்த்தேன். குழாய் ஓட்டைத் துளைத்துப் போகிற இடத்தில் பனங்கை ஓரம் சிவப்பாகக் கனன்று கொண்டிருந்தது. சுவாலை இல்லை, சத்தம் இல்லை. ஐந்தடி தள்ளி காஸ் சிலிண்டர்!

நான் கத்திய கத்தலில் மாமா ஓடி வந்து முதலில் சிலிண்டரைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டு போனார். பையன்கள் ஏறி ஓட்டைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தபோதும் மரம் உள்ளுக்குள் சுட்டது. முப்பது பேர் படுத்துத் தூங்கிய பிறகு பிடித்திருந்தால்... வேண்டாம், எழுதவே கை வரவில்லை.

மறுநாள் வந்தவர் வயதான ஒரு கொத்தனார். பேக்கரிகளுக்கு அடுப்புக் கட்டியே பழகியவர். எரிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மரம் ஒரே நாள்ல பத்திக்காதும்மா. தினமும் சூடு பட்டுப் பட்டு உள்ளே கரியாயிட்டே வரும். அப்புறம் கொஞ்சம் சூடே போதும்" என்றார். வெறும் தகரக் குழாய்க்கும் மரத்துக்கும் ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டுமாம். இங்கே ஒரு விரல்கூட இல்லை.

இன்னொரு தப்பும் கண்டுபிடித்தார். குழாய் முனை கூரை முகட்டைவிடத் தாழ்வாக இருந்தது. மலைப்பக்கத்துக் காற்று முகட்டில் மோதிக் கீழே இறங்கும்போது புகையையும் கூடவே திருப்பி அனுப்பிவிடும். "அப்பப்போ புகை உள்ளே அடிச்சிருக்குமே?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அடித்திருக்கிறது, பூஜை ரூமில் சொல்லவில்லை!

குழாயைப் பிடுங்கிவிட்டு, தரையிலிருந்தே வெளிச்சுவரோடு சேர்த்துச் செங்கல்லில் புகைபோக்கி கட்டினார். கூரையைத் தாண்டி மூன்றடி. பத்தடி சுற்றளவில் இருக்கும் எதைவிடவும் இரண்டடி உயரம். பக்கத்துப் பனங்கைகளை அறுத்துத் தள்ளி வைத்து, இடைவெளியைத் தகரத்தால் மூடினார். உச்சியில் மழை விழாமல் ஒரு தொப்பி. அடியில் கரி வாரி எடுக்க ஒரு சின்னக் கதவு. அடுப்பைச் சுற்றித் தரையில் கடப்பைக்கல். இரண்டு வாரம் காயவிட்டு, முதலில் சின்னச் சின்ன நெருப்பாகப் போட்டுப் பழக்கினார். ஒரு நாள் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை எழுப்பி, எங்கேயாவது கசிகிறதா என்று எல்லாரையும் பார்க்கச் சொன்னார். காஸ் அடுப்பும் சிலிண்டரும் பக்கத்து அறைக்குப் போயின.

திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருந்த அத்தை மெதுவாக ஒரு கதை சொன்னார். 1983ல் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டு வந்ததே, அதைத் தொடர்ந்து அவர் பிறந்த ஊரிலும் குழாய் வைத்த அடுப்புகள் வந்தனவாம். "நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. ரெண்டு வருஷத்துல குழாய் அடைச்சுகிச்சு. யாரு ஏறிச் சுத்தம் பண்றது? குழாயை எடுத்துக் கோழிக் கூண்டுக்கு வெச்சுட்டோம்."

அந்தத் திட்டம் 2002ல் முடிந்தது. ஒடிசா கிராமங்களில் இதேபோன்ற அடுப்புகளைச் சில வருஷம் தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள், முதல் வருஷம் புகை குறைந்தது, பிறகு பழுது பார்க்காமல் விட்டதால் பலன் போய்விட்டது என்று எழுதியிருப்பதை என் மகன் படித்துக் காட்டினான். நம் அத்தை கோழிக் கூண்டில் கண்டதைத்தான் அவர்களும் கண்டிருக்கிறார்கள்.

மறு வருஷம், 2024 தீபம் டிசம்பர் 13. சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து அந்த மே மாதம் முதல் திருவண்ணாமலைக்கு ஓடத் தொடங்கிய ரயிலில் போனோம். காட்பாடி, வேலூர், ஆரணி ரோடு, போளூர் என்று நின்று நின்று நள்ளிரவில் கொண்டு போய் இறக்கியது. ஊர் வழக்கமான ஊராக இல்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1ஆம் தேதி மலைச்சரிவில் மண் சரிந்து, குழந்தைகள் உள்பட ஏழு பேர் பலியான துக்கம் இன்னும் ஆறவில்லை. அந்த வருஷம் பக்தர்களை மலை ஏற விடவில்லை. பரம்பரையாகத் தீபம் ஏற்றும் பர்வதராஜ குலத்தார் கொப்பரையையும் நெய்யையும் திரியையும் மேலே கொண்டு போனார்கள்.

அந்த மழையில் ஊரில் காய்ந்த விறகு என்று ஒன்று கிடையாது. ஆனால் அக்கா சித்திரையிலேயே சவுக்கைப் பிளந்து, கொல்லைத் தாழ்வாரத்தில் தரையில் படாமல் அடுக்கி வைத்திருந்தாள். பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அதை எரித்தால் நெருப்பு தண்ணீரை விரட்டவே சரியாக இருக்கும். புகை சூடில்லாமல் ஏறி, குழாய்க்குள் தாராகப் படியும். அந்தத் தார் ஒரு நாள் உள்ளேயே பற்றிக் கொண்டு ரயில் போவது போல இரையுமாம். அப்படி இரைந்தால் அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரையும் வெளியேற்றி 101க்குப் போன் செய்ய வேண்டும். தண்ணீர் ஊற்றினால் சுட்ட செங்கல் வெடிக்கும்.

அக்கா மாதம் ஒரு முறை கயிற்றில் தென்னந்துடைப்பமும் கல்லும் கட்டி, மாமாவை மேலே ஏற்றி உள்ளே விட்டு இழுக்கச் சொல்கிறாள். பால் கவர், தெர்மாகோல் எதுவும் அடுப்புக்குள் போவதில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைப்பதும் இல்லை. சிலுக்குப் புடவையோடு அடுப்பு முன் உட்கார்ந்த என்னை, "போய்ப் பருத்திப் புடவை மாத்திக்கிட்டு, தலைப்பைச் செருகிக்கிட்டு வா" என்று விரட்டினாள். எத்தனை வயசானாலும் அக்கா அக்காதான்! அப்படியும் சுட்டுக் கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். பேனா மை, பற்பசை எல்லாம் கூடாது.

சாம்பலும் லேசுப்பட்டதல்ல. மேலே வெள்ளையாக ஆறினாலும் உள்ளே தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அக்கா அதை மூடி போட்ட இரும்பு வாளியில் வாரிக் கொல்லையில் வைக்கிறாள்.

அன்று ராத்திரி நல்ல குளிர். யாரோ ஒரு பெண், அத்தை படுக்கிற அறைக்குள் தணலை ஒரு சட்டியில் எடுத்துப் போகப் பார்த்தாள். நல்லெண்ணம்தான், ஆனால் நாங்கள் பாய்ந்து தடுத்தோம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் அறைக்குள் கரியடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு பேர் காலையில் எழுந்திருக்கவேயில்லை. மூடிய அறையில் தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை கனக்கும், குமட்டும், தூக்கம் என்று நினைத்துப் படுப்போம். கனடாவில் இருக்கும் என் நாத்தனார் மகள் வீட்டில் இதற்கென்றே அலறும் கருவி சுவரில் மாட்டியிருக்கிறாள். அக்காவும் ஒன்று வாங்கிவிட்டாள். விறகு எரியும்போது ஜன்னலைச் சாத்துவதில்லை. காற்றாடி போட்டால் புகையைக் கீழே இழுத்துவிடும் என்று அதையும் போடுவதில்லை.

மறுநாள் மாலை ஜோதி தெரிந்ததும் எல்லாரும் மலையைப் பார்த்துக் கை கூப்பினோம். அத்தையையும் நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்திருந்தோம். இருமல் முன்போல் இல்லை. மாடிப்படி ஏறத்தான் முடிவதில்லை. அவரும் கும்பிட்டார். பிறகு திரும்பிப் பின்கட்டுக் கூரையைப் பார்த்து, "புகை நேராப் போவுதா பாரு" என்றார். நேராகத்தான் போய்க் கொண்டிருந்தது.

இதை எழுத உட்காரும் முன் அக்காவுக்குப் போன் செய்து, இந்த மாதம் குழாய் துடைத்தாயிற்றா என்று கேட்டேன். "நாளைக்குத்தான், உன் மாமாவுக்கு முட்டி வலி" என்றாள். நாளை மறுபடி போன் செய்ய வேண்டும்.