மண்டபக் கணக்கு

போன வாரம், மில்லில் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் போன் செய்தான். புது சர்வர் வாங்கப் போகிறார்களாம். "சார், தூணெல்லாம் எண்ணியாச்சு. எத்தனை கல்யாணம்னும் எழுதி வாங்கிட்டேன்" என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "யாருக்குங்க கல்யாணம்? எந்த மண்டபம்?" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரிக்கிற கதையாக அது தொடங்கவில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் நான். 2018-ல் பழைய சர்வர்கள் இரண்டையும் மாற்றினோம். பழையவற்றில் விண்டோஸ் சர்வர் 2012 இருந்தது. அதில் ஒரு லைசென்ஸ் வாங்கினால் இரண்டு பிராசஸர் வரை போதும். பெட்டிக்கு ஒன்று என்று வாங்கிப் பழகிய கை. 2016 பதிப்பிலிருந்து கணக்கு மாறி, பிராசஸருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோருக்கும் லைசென்ஸ் என்று ஆகியிருந்தது. விலைப்பட்டியலில் '16 கோர்' என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். ஏதோ அளவு என்று எண்ணிப் பெட்டிக்கு ஒன்றாக இரண்டு வாங்கினேன். விற்றவர் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. கையெழுத்து என்னுடையது.

மூன்று வருடம் எல்லாம் நன்றாகவே ஓடியது. ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது, என் இடத்துக்கு வரவிருந்த இந்தத் தம்பி ஒப்படைப்புப் பட்டியல் தயார் செய்தான்.

"சார், இதுல எத்தனை கோருங்க?"

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். 48 என்று காட்டியது. வயிற்றைக் கலக்கியது.

"அது ஹைப்பர்த்ரெடிங் சார். ஒண்ணை ரெண்டாக் காட்டும். லைசென்ஸுக்கு நிஜக் கோர் மட்டும்தான்" என்றான். பிராசஸர் இரண்டு, ஒவ்வொன்றிலும் 12. ஆக 24. என்னிடம் இருந்ததோ 16. எட்டுதானே குறைகிறது, வாங்கிவிடலாம் என்று மூச்சு விட்டேன். "அதோட நிக்கலைங்க சார்" என்றான்.

அன்று இரவு தூக்கமில்லை. பேசாமல் போயிருக்கலாம் என்று தோன்றியது நிஜம். நான்கு மாதத்தில் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் பட்டியலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடப் போவது அவன். நாளைக்குத் தணிக்கைக்கு யாராவது வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் அவன்தான்.

மறுநாள் முதலாளியிடம் போனேன். அவர்கள் குடும்பத்துக்கு ஒரு கல்யாண மண்டபமும் உண்டு. இரவெல்லாம் யோசித்து வைத்ததை அப்படியே சொன்னேன்.

"நம்ம சர்வர் ஒரு மண்டபம்னு வெச்சுக்கோங்க. வாடகை தூண் கணக்குல. 24 தூண் இருந்தா 24-க்கும் கட்டணும். நான் மூலையில ரெண்டு தூணுக்கு நடுவுலதான் பந்தி போட்டேன்னு சொல்ல முடியாது. சின்ன மண்டபமா இருந்தாலும் 16 தூணுக்குக் குறைஞ்சு கட்ட முடியாது. அப்படி முழுசாக் கட்டினா உள்ளே ரெண்டு கல்யாணம் நடத்திக்கலாம். மூணாவது கல்யாணம் வந்தா, திரும்ப 24 தூணுக்கும் கட்டணும். அப்ப நாலாவதும் அதுல சேர்ந்துக்கும்."

கல்யாணம் என்றது விர்ச்சுவல் மெஷினை. ஒரே பெட்டிக்குள் தனித்தனி கம்ப்யூட்டர்போல ஓடுபவை. எங்களிடம் ஆறு இருந்தன: கணக்கு, சம்பளம், பஞ்சு இருப்பு, லாகின், கோப்புகள், சோதனைக்கு ஒன்று. ஸ்டாண்டர்டு பதிப்பில் 24 கோருக்கு ஒருமுறை கட்டினால் இரண்டுக்குத்தான் உரிமை. ஆறுக்கு மூன்று முறை, 72 கோர்.

"ரெண்டு மண்டபம் இருக்குதில்லீங்க? மூணு மூணாப் பிரிச்சுக்கறது" என்றார் முதலாளி. கெட்டிக்காரர்.

"பிரிச்சுத்தான் இருக்குங்க. ஆனா ஒண்ணுல கரண்ட் போனா ஆறும் அடுத்ததுல போய் ஓடுற மாதிரி நான்தான் அமைச்சேன். அப்படின்னா ஒவ்வொண்ணுலயும் ஆறுக்கும் முன்கூட்டியே கட்டியிருக்கணும்." ரசீதைக் கையோடு தூக்கிக்கொண்டு அடுத்த மண்டபத்துக்கு ஓட முடியாது. லைசென்ஸ் பெட்டியோடு கட்டியது. பெட்டி பழுதாகிப் போனாலொழிய, ஒருமுறை மாற்றினால் 90 நாள் கழித்துத்தான் மறுபடி மாற்றலாம். ஆக இரண்டுக்கும் சேர்த்து 144 கோர். நான் வாங்கி வைத்திருந்தது 32.

அவர் வெகுநேரம் பேசவில்லை. எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளும் டேட்டாசென்டர் பதிப்பும் உண்டு என்றேன். அதன் விலை ஏறக்குறைய ஆறு மடங்கு. பன்னிரண்டு மெஷினுக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்குத்தான் கட்டும். அதைச் சொன்னதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"ஆறு கல்யாணமும் அவசியம்தானுங்களா?" என்றார்.

அது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. லைசென்ஸை எப்படிக் கூட்டுவது என்றே இரவெல்லாம் யோசித்தவனுக்கு, மெஷினைக் குறைக்கலாம் என்று உறைக்கவில்லை. சோதனை மெஷினை யாரும் தொட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது, அணைத்தோம். கோப்புகள் இருந்ததைத் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து லினக்ஸுக்கு மாற்றினான். அதற்கு விண்டோஸ் லைசென்ஸ் வேண்டாம். மிச்சம் நான்கு. பெட்டிக்கு 48 வீதம் 96 கோர். கையில் இருந்த 32 போக 64 வாங்கினால் போதும் என்று ஆனது. உள்ளே நுழைகிற ஆட்களுக்கான லைசென்ஸ் தனிக் கணக்கு. நல்லவேளை அதைச் சரியாக வாங்கியிருந்தேன்.

64-க்கு ஆன தொகை என் அப்போதைய நாலைந்து மாதச் சம்பளம். பணிக்கொடையில் பிடித்துக்கொள்ளச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன், வாய் வரவில்லை. முதலாளி காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதை யாருங்க கண்டுபிடிச்சது?" என்றார்.

"தம்பிதானுங்க."

"அப்ப உங்களுக்கு அப்புறம் அவரே பார்த்துக்கட்டும்" என்றார். அதுவரை அவனுக்கு அந்த இடம் உறுதியாகியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

இப்போது வரப்போகும் சர்வரில் 32 கோராம். லைசென்ஸ் எழுதி வைக்க நான் வாங்கிக்கொடுத்த நீல அட்டை நோட்டு இன்னும் மேசையில்தான் இருக்கிறது என்றான். அதில் பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லையாம்.