சித்திரை வெயிலைக் காட்டாத 3டி படம் எதற்கு?

குருசுக்குப்பத்தில் வீடு கட்டுவதென்றால் ஒவ்வோர் அடியையும் எண்ணித்தான் கட்ட வேண்டும். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கங்களில் நெருக்கியடித்து நிற்கும் வீடுகள். அங்கே ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, கட்டப்போகும் வீடுகளுக்கு 3டி படம் செய்து கொடுக்கிறார் ஓர் இளம் ஆர்க்கிடெக்ட்.

சொந்தமாகத் தொழில் தொடங்கியதும் அவருக்கு வந்த முதல் குழப்பம், எந்த ரெண்டரிங் சாஃப்ட்வேரை எடுப்பது என்பதுதான். கோடுகளாக இருக்கும் வீட்டுக்கு வெயில், நிழல், சுவர் நிறம், மரக்கதவு எல்லாம் ஏற்றி போட்டோ மாதிரி காட்டுவதுதான் ரெண்டரிங்.

கூடப் படித்தவர்களிடம் கேட்டார். ‘வி-ரே இல்லாட்டி கிளையன்ட் மதிக்கமாட்டாங்க’ என்றார் ஒருவர். ‘லூமியன் எடு, மரம்கூட காத்துல ஆடும்’ என்றார் இன்னொருவர். இரண்டும் நல்ல சாஃப்ட்வேர்கள்தான். பல்கேரியாவில் பிறந்த வி-ரே, வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போட்டுப் படம் தரும். துல்லியம் அதிகம், நேரமும் அதிகம். நெதர்லாந்தின் லூமியன் உடனுக்குடன் காட்டும், ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும். இரண்டுக்கும் சந்தா கட்ட வேண்டும். அவரிடம் இருந்ததோ கல்லூரியில் வாங்கிய லேப்டாப், அதற்கே தவணை முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெரு மீனவக் குடும்பம் ஒன்று வந்தது. 600 சதுர அடி மனை, பேங்க் லோன். நடுவில் முற்றம், அதன்மேல் கண்ணாடிக் கூரை என்று மகன் ஆசைப்பட்டார். டிரையல் வெர்ஷனில் ஒரு படம் தயாரானது. பொன் நிறத்தில் சாய்ந்து விழும் மாலை வெயில், முற்றத்தில் ஊஞ்சல். மகனுக்குப் பிடித்துவிட்டது. அவருடைய அம்மா மட்டும் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏம்மா, சித்திரையில உச்சி வெயில் நேரா தலையில இறங்குமே... அது இதுல எங்க?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. புதுச்சேரி இருப்பது சுமார் 12 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அதன்பின் ஆகஸ்ட் வரை நண்பகலில் சற்று வடக்கே தள்ளி நிற்கும். படத்தில் சாய்வு வெயிலைப் பார்த்துக் கண்ணாடிக் கூரை போட்டால், சித்திரையில் வீட்டுக்குள் யாரும் உட்கார முடியாது.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே இந்த வெயிலுக்குக் கணக்குப் போட்ட கட்டடம் அதே ஊரில் இருக்கிறது. ஆசிரமத்துக்காக ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930-களின் பிற்பகுதியில் வேலை தொடங்கிய ‘கோல்கொண்டே’ விடுதி. நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். கண்ணாடி ஜன்னலுக்குப் பதிலாக, திருப்பி வைக்கக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயில் தணியும், காற்று வரும்.

அதன்பிறகு அவர் சாஃப்ட்வேரைத் தேடிய விதமே மாறியது. எது அழகாகக் காட்டும் என்பதைவிட, ஊர், தேதி, நேரம் கொடுத்தால் எது சூரியனைச் சரியான இடத்தில் வைக்கும் என்று பார்த்தார். ட்வின்மோஷனில் அந்த வசதி இருந்தது. எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் இந்த சாஃப்ட்வேர், 2024 முதல், ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம். கடைசிப் படத்தைத் துல்லியமாக எடுக்க பிளெண்டர். 2002-ல் ஓப்பன் சோர்ஸ் ஆனதிலிருந்து அதற்கும் காசு கிடையாது. லேப்டாப் திணறினால் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

அடுத்த முறை அந்தக் குடும்பம் வந்தபோது, திரையில் ஏப்ரல் 21, பகல் 12 மணி. முற்றம் முழுக்க வெள்ளை வெயில். மகன் எதுவும் பேசவில்லை. கண்ணாடிக் கூரை போய், வெயிலை மறைத்துக் காற்றை விடும் சிமென்ட் ஜாலி வந்தது. “இப்பதான் இது நம்ம வீடு மாதிரி இருக்கு” என்றார் அம்மா.

உங்கள் கையிலும் யாராவது 3டி படம் கொடுத்தால் மூன்று விஷயம் கேளுங்கள். இது எந்த மாதம்? எத்தனை மணி? வடக்கு எந்தப் பக்கம்? பதில் வராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படாதீர்கள்.