ஹம்பிக்கு ரெண்டு நாள் போய் வரலாமா?

"லீவுக்கு எங்கேயாவது போகலாம்" என்று பேச்சு எழுந்தால், டிக்கெட் எடுப்பது அவர் பொறுப்பு. துணிமணி, மருந்து, முறுக்கு டப்பா எல்லாம் நம் பொறுப்பு. போன இடத்திலும் அதே கதைதான். "நீ இங்கேயே உட்கார்ந்து பையைப் பார்த்துக்கோ, நாங்க மேலே போய்ப் பார்த்துட்டு வந்துடறோம்!" ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு மாமி "என்னவெல்லாம் பார்த்தே?" என்று கேட்டால், செருப்பு விடும் இடம்தான் நம் நினைவுக்கு வரும்.

இந்தத் தடவை திட்டம் போடும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்களேன். கர்நாடகத்தில் துங்கபத்திரை நதிக்கரையில் இருக்கும் ஹம்பி அதற்கு ஏற்ற ஊர். 1336 முதல் 1565 வரை விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த இடம். மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் எல்லாம் இந்த அரசின் கீழ் இருந்தவர்கள்தான். இந்த அரச குடும்பத்தின் இளவரசர் குமார கம்பணர் மதுரையை வென்ற கதையை 'மதுரா விஜயம்' என்ற சமஸ்கிருத காவியமாக எழுதியவர் அவர் மனைவி கங்காதேவி!

எப்போது, எப்படி?

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை போகலாம். கோடையில் குழந்தைகளுடன் வேண்டவே வேண்டாம். ஊரே பாறை, அடுப்பு மாதிரி சுடும். பெங்களூரில் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஹொசபேட்டை (பழைய பெயர் ஹோஸ்பெட்). அங்கிருந்து ஹம்பி சுமார் 13 கிலோமீட்டர். பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. கைக்குழந்தை இருந்தால் ஹொசபேட்டையில் தங்குவதே சௌகரியம். நாள் வாடகைக்கு ஆட்டோ பேசும்போது, பார்க்க வேண்டிய இடங்களை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டி, மொத்தத் தொகையை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சின்னங்கள் 40 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பினால் மத்தியானத்துக்குள், "அம்மா, கால் வலிக்குது, தூக்கிக்கோ!" என்று ஆரம்பித்துவிடும். காலையில் ஒரு பகுதி, மத்தியானம் சாப்பாடும் தூக்கமும், மாலையில் ஒரு பகுதி. அவ்வளவு போதும்.

முதல் நாள்

காலையில் விரூபாக்ஷர் கோயில். இன்றும் பூஜை நடக்கிறது. ஒன்பது நிலைக் கோபுரத்தின் நிழல், உள்ளே ஒரு இருட்டு அறையின் சுவரில் தலைகீழாக விழும். சிறு துவாரம் வழியாக வரும் வெளிச்சம் செய்யும் வேலை இது. பள்ளிக்கூடத்தில் ஊசித்துளை காமிரா படித்த பிள்ளை இருந்தால், அவனையே விளக்கச் சொல்லுங்கள். கோயிலைச் சுற்றிக் குரங்குகள் அதிகம். வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள்.

அருகில் இரண்டு பிள்ளையார்கள். பெயர்கள் நம் அஞ்சறைப் பெட்டியிலிருந்து வந்தவை போல இருக்கும். 'கடலேகாளு' என்றால் கடலை, 'சாசிவேகாளு' என்றால் கடுகு. கடலைப் பிள்ளையார் சுமார் 15 அடி உயரம். கடுகுப் பிள்ளையார் சுமார் 8 அடி. கடுகுப் பிள்ளையாரை முன்னால் கும்பிட்டுவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். நீங்கள் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பெண்ணின் முதுகு தெரியும். பார்வதி மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாராம்! முன்னாலிருந்து பார்த்தால் அம்மா இருப்பதே தெரியாது.

அடுத்து கிருஷ்ணர் கோயில். கிருஷ்ணதேவராயர் கலிங்க வெற்றிக்குப் பிறகு கட்டியது. இங்கிருந்த பாலகிருஷ்ணர் சிலை இப்போது சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே 1528இல் ஒரே பாறையில் செதுக்கிய 22 அடி நரசிம்மர். மடியில் இருந்த லட்சுமியைப் பின்னாளில் உடைத்துவிட்டார்கள். ஆனால் அவள் கை மட்டும் இன்னும் அவர் முதுகை அணைத்தபடி இருக்கிறது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றதும் இந்த நகரம் சூறையாடப்பட்டது. அதைப் புத்தகத்தில் படிப்பதைவிட இந்தக் கையைப் பார்த்தால் மனசில் நிற்கும்.

மாலையில் ஹேமகூட மலை. பெயர்தான் மலை, நாலு வயதுக் குழந்தையும் ஏறிவிடும். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள்

டிக்கெட் வாங்க வேண்டிய இடங்களை இந்த நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். விட்டலர் கோயிலில் வாங்கும் சீட்டே அன்று முழுவதும் தாமரை மஹால் பகுதிக்கும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம்.

விட்டலர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பாட்டரி வண்டி உண்டு. அங்குள்ள கல் தேர்தான் நம் புதிய ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கிறது. நோட்டைக் குழந்தையிடம் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இசைத் தூண்களைத் தட்டக் கூடாது. தட்டித் தட்டியே தேய்ந்து போயின. அருகே ஆற்றோரம் புரந்தரதாசர் மண்டபம். பாட்டுக் கிளாசில் உங்கள் பெண் முதலில் கற்றுக்கொள்ளும் சரளி வரிசையை வகுத்தவர் அவர். ஆற்றில் மட்டும் குழந்தைகளை இறங்க விடாதீர்கள்.

மாலையில் கமலாபுரம் பக்கம் அரண்மனைப் பகுதி. ஹஜார ராமர் கோயில் சுவரில் ராமாயணம் முழுவதும் படக்கதை மாதிரி இருக்கிறது. கதை சொல்லிக்கொண்டே சுற்றி வாருங்கள். பிறகு தாமரை மஹால், 11 அறைகள் கொண்ட யானைக் கொட்டாரம், மகாநவமி மேடை, 1980களில் தோண்டி எடுத்த படிக்கட்டுக் குளம். அந்தக் காலத்தில் இங்கே வந்த நூனிஸ் என்ற போர்த்துகீசியர், அரண்மனைக்குள் ஆகும் செலவுக்கெல்லாம் கணக்கு எழுதியவர்கள் பெண்கள் என்று குறித்திருக்கிறார். மல்யுத்தம் செய்த பெண்களும் இருந்தார்களாம்!

பையில் என்ன?

ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், தொப்பி, இரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடி, வெயிலில் சுடும் கோயில் தரைக்குப் பழைய காலுறை. முதல் நாள் மத்தியானத்துக்குப் புளியோதரை, மறுநாளுக்கு சப்பாத்தி, தக்காளித் தொக்கு. எலுமிச்சம்பழம் நாலு இருக்கட்டும். கழிப்பறை கண்ட இடத்தில், "இப்ப வரலை" என்றாலும் பிள்ளைகளை ஒரு தடவை அனுப்பிவிடுங்கள்.

முக்கியமான விஷயம், பை முறை. விரூபாக்ஷர் கோயிலில் அவர் பையைப் பார்த்துக்கொள்ளட்டும், விட்டலர் கோயிலில் பெரிய பையன், ஹஜார ராமரிடம் நீங்கள். இதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதி, ரயில் ஏறும் முன்பே எல்லோரிடமும் படித்துக் காட்டிவிடுங்கள். அங்கே போய்ப் பேசினால் நடக்காது!