உறுதியும் விமானச் சீட்டும்

யாழ்ப்பாணத்தவர் ஒரு பரப்புக் காணி வாங்குவதென்றாலும் எளிதில் மனம் இணங்கார். உறுதியைக் கையில் வாங்கிப் பார்ப்பர், நொத்தாரிசிடம் காட்டுவர், காணிப் பதிவகத்தில் தேடுவர், எல்லைக் கதியாலையும் எண்ணி வருவர். அத்துணை எச்சரிக்கை உடைய நாம், விமானச் சீட்டு வாங்கும்போது மட்டும் வாய்ச்சொல்லை நம்பி வீடு திரும்புகின்றோமே, அது ஏன்? இக்கேள்வி என் உள்ளத்தில் எழக் காரணமாயிருந்தது ஒரு பலாலிப் பயணம்.

பலாலி நமக்குப் புதிய வாசல் அன்று. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையில் எழுந்து, காங்கேசன்துறை என அக்காலத்திற் பெயர் வழங்கிய இத்தளத்தில் இறங்கி, சென்னைக்குச் சென்றது. பின்னர் அவ்வழி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. 2019 ஒக்டோபர் 17இல் இது சர்வதேச விமான நிலையமாயிற்று. அடுத்த மாதமே தொடங்கிய சென்னைச் சேவை, 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் நின்று, 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் உயிர்பெற்றது.

இவ்வழி திறந்ததில் என் அயல்வீட்டுப் பெரியம்மாவுக்கு இருந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று. 1990இல் படகேறித் தமிழகம் சென்ற அவருடைய தங்கை, சென்னையில் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். அவரை ஒருமுறை காணவேண்டும் என்பதே பெரியம்மாவின் ஆசை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில், நகரிலுள்ள ஒரு பயண முகவரிடம் பணம் செலுத்திச் சீட்டுப் பெற்றிருந்தார்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், விடியற்காலையில் அவர் என் படலையைத் தட்டினார்.

"தம்பி, அந்தக் கடை பூட்டிக் கிடக்குதாம். எங்கட காசு போச்சுதோ?"

இருவரும் விரைந்து சென்றோம். கடையின் இரும்புக் கதவு இழுத்து மூடப்பட்டிருந்தது. தொலைபேசியில் மறுமொழி இல்லை. வாசலில் இருபது பேர் வரை கூடி நின்றனர். அவர்களுள் ஒருவன், உயர்கல்விக்காகச் சென்னை செல்லவிருந்த மாணவன். தாயின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பணம் என்று சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது.

பெரியம்மா தம் சீட்டைக் காணி உறுதிகள் இருக்கும் தகரப் பெட்டியிலேயே வைத்திருந்தார். அதை வாங்கிப் பார்த்தேன். பெயருக்கு அருகே பதின்மூன்று இலக்கங்கொண்ட ஓர் எண் இருந்தது. மாணவனின் தாளிலோ எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் மாத்திரமே இருந்தன.

வாசகர்கள் மனத்திற் பதிக்க வேண்டிய வேறுபாடு இதுவே. ஆறு குறிகள் கொண்டது முன்பதிவு எண். காணி பேசி வைத்ததற்கு நிகரானது. பதின்மூன்று இலக்கங் கொண்டதே சீட்டெண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் எந்த விமான நிறுவனத்தின் சீட்டு என்பதைக் காட்டும். முகவர் வெறும் இடையாளர். முறையாகச் சீட்டு வழங்கப்பட்டபின், பயணியைச் சுமந்து செல்லும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சார்கின்றது. சீட்டெண் இல்லாத முன்பதிவோ, உரிய தவணைக்குள் பணம் சேராவிடில் தானாகவே கலைந்துவிடும்.

எனினும், தாளில் எண் இருந்தால் மட்டும் போதாது. வழங்கிய சீட்டை முகவர் பின்னர் இரத்துச் செய்திருக்கவும் கூடும். பதிவகத்தில் உறுதியைத் தேடுவதுபோல, விமான நிறுவனத்திடமே கேட்டறிய வேண்டும். அவ்வாறே அதன் தொலைபேசிக்கு அழைத்தோம். பெரியம்மாவின் சீட்டு உயிரோடிருந்தது. பதிவில் முகவரின் தொலைபேசி எண்ணே காணப்பட்டமையால், அதை நீக்கி அவருடைய எண்ணைச் சேர்ப்பித்தோம். இதைச் செய்யாவிடில், விமான நேரம் மாறினாலும் செய்தி மூடிய கடைக்கே போய்ச் சேரும்.

மாணவனின் முன்பதிவு முன்னாளே கலைந்துபோயிருந்தது. அவன் விமான நிறுவனத்திடம் நேரே வேறு சீட்டு வாங்கினான். விலை முன்னையதிலும் அதிகம். பற்றுச்சீட்டுடன் பொலிசில் முறைப்பாடு செய்தான். வங்கி அட்டையாற் செலுத்தியிருந்தால், கிடைக்காத சேவைக்கான பணத்தை மீட்டுத் தருமாறு வங்கியிடம் கேட்டிருக்கலாம். அவன் கொடுத்ததோ ரொக்கம். சங்கிலி இன்னும் அடகிலிருந்து மீளவில்லை.

இத்தகைய வீழ்ச்சி சிறு கடைகளுக்கு மட்டும் உரியதன்று. 1841இல் தொழில் தொடங்கிய தோமஸ் குக் என்னும் புகழ்பெற்ற பிரித்தானியப் பயண நிறுவனம் 2019 செப்டெம்பர் 23ஆம் நாள் வீழ்ந்தது. வெளிநாடுகளிற் சிக்கிய ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேரைப் பிரித்தானிய அரசே விமானங்களை அமர்த்தி நாட்டுக்குக் கொணர்ந்தது. அந்நாட்டில் விடுமுறைப் பயணங்களுக்கெனக் காப்புத் திட்டமும் நிதியும் உண்டு. எல்லா நாடுகளிலும் அத்தகைய நிதி இருக்கும் என எண்ணுதல் தவறு. நம் நாட்டில் பணம் கொடுக்குமுன், முகவர் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்றவரா என விசாரித்தல் நன்று. வேலை தேடிச் செல்வோர், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உண்டா எனவும் பார்த்தல் வேண்டும்.

குறித்த நாள் வந்தது. திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் எனப் பலாலி வீதி வடக்கு நோக்கி நீண்டது. இருமருங்கும் செம்பாட்டு மண், வாழைத் தோட்டங்கள், இடையிடையே பனங்கூடல். அப்பால், 1990இல் மக்கள் விட்டகன்ற ஊர்களின் எல்லை தொடங்கியது. கூரையிழந்த சுவர்களும், அவற்றின் அருகே மீண்டு வந்தோர் கட்டிய புதுவீடுகளும் மாறிமாறித் தோன்றின. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்த தாளை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பத்து நாளின் பின் அவர் திரும்பி வந்தார். "தங்கச்சி என்ரை கையை விடேல்லைத் தம்பி" என்றார். அதற்குமேற் பேச இயலவில்லை. நான்கு மாதங்களின் பின் அத்தங்கை காலமானார்.

அந்தக் கடை வாசலிலிருந்தே அவர் மனமொடிந்து வீடு திரும்பியிருந்தால்? ஆகவே அன்பர்களே, சீட்டு வாங்கிய அன்றே பதின்மூன்று இலக்கத்தைத் தேடுங்கள். விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். காணிக்குச் செய்வதைப் பயணத்துக்கும் செய்வோம்.