அலுவலக மேஜையில் குன்னூர் இலை

வீட்டில் நான் குடிப்பது பால் டீதான். டஸ்ட் தூளைப் பாலோடு கொதிக்கவிட்டு, இஞ்சி தட்டிப்போட்டு, சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகச் சேர்த்தால் அதற்கு நிகர் அதுதான். முழு இலைத் தேயிலைக்கு அந்த அடுப்படியில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்தது அலுவலகத்தில். அங்கே அடுப்பு இல்லை, பால் இல்லை, இருப்பது வெந்நீர் மட்டும். இலைக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

டஸ்ட் பெரும்பாலும் சி.டி.சி. முறையில் வருவது. 1930-களின் தொடக்கத்தில் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய முறை அது. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலை நசுங்கி, கிழிந்து, மணிமணியாகச் சுருண்டு விழும். வெந்நீர் பட்டதும் சாயம் இறங்கிவிடும். பாலுக்கு ஈடுகொடுக்க அந்த வேகம் வேண்டும். ஆர்த்தடாக்ஸ் முறையில் இலையை வாட்டி, உருட்டி, கூடியவரை உருக்குலையாமல் காயவைக்கிறார்கள். அது நிதானமாகத்தான் இறங்கும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் செடி மெதுவாக வளரும்போது பறித்த நீலகிரி இலையில் ஒரு பூமணம் இருக்கிறது. பாலை ஊற்றினால் முதலில் காணாமல் போவது அந்த மணம்தான். நம் மலையில் விளைகிற இந்த இலையை நம்மில் பெரும்பாலோர் ஒருமுறைகூடச் சுவைத்ததில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதற்குப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. மூடி உள்ள பீங்கான் கோப்பை ஒன்று, அதற்குள் அடிவரை இறங்குகிற எவர்சில்வர் வலைக்கூடை ஒன்று. கூடை அகலமாக இருக்க வேண்டும். சங்கிலி வைத்த உருண்டை வடிகட்டி பார்க்க அழகு, ஆனால் அதற்குள் இலை விரிய இடமில்லை. பாதி இலை நனையாமலே கிடக்கும். காய்ந்த இலை நனைந்தால் எவ்வளவு பெரிதாகும் என்று ஒருமுறை பார்த்தவர்கள் அதை வாங்கமாட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் அலுவலகம் கொஞ்சம் சோதிக்கும். கேன் வைத்த டிஸ்பென்சரில் வருவது கொதிநீர் அல்ல, பெரும்பாலும் 90 டிகிரிக்கு முன்பின். பச்சைத் தேயிலைக்கு அதுவே அதிகம்; சற்று ஆறவிட்டு ஊற்ற வேண்டும். கறுப்புத் தேயிலைக்குக் கொஞ்சம் போதாது. ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் கொதிப்பதே 94 டிகிரி அளவில்தான். ஆகவே டிஸ்பென்சரைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. சூட்டைத் தின்பது ஏ.சி.யில் சில்லிட்டுக் கிடக்கும் கோப்பை. முதலில் அதில் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, பிறகு இலையைப் போட்டு, மறுபடி வெந்நீர் ஊற்றி, உடனே மூடிவிட வேண்டும். இந்த ஒரு வேலையில் டீயின் குணமே மாறிவிடும்.

அளவு, 200 மில்லிக்கு 2 கிராம். தேயிலையைச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 விதி இதைப்போல் இரண்டு மடங்கு இலை போட்டு 6 நிமிடம் ஊறவிடச் சொல்கிறது. அது இலையின் குற்றங்குறையைக் கண்டுபிடிக்க. குடிப்பதற்கு 4 நிமிடம் போதும். அதற்குள் மீட்டிங் வந்துவிட்டால் கூடையைத் தூக்கி மூடியைத் திருப்பிப்போட்டு அதன்மேல் வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்து அதே இலையில் இரண்டாம் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் மறுபடி ஒரு கோப்பை.

ஊறிய இலையை மட்டும் சிங்கில் கொட்டக் கூடாது. அடைத்துக்கொண்டால் அந்த வேலை பேன்ட்ரி அக்கா தலையில்தான் விழும். நான் பழைய பேப்பரில் கொட்டி மடித்துப் போடுவேன். ஒருநாள் அந்த அக்கா பேப்பரைப் பிரித்து, செம்பு நிறத்தில் விரிந்து கிடந்த இலை ஒன்றை எடுத்து விரலால் நீவிப் பார்த்தார். சின்ன வயதில் வால்பாறையில் கொழுந்து பறித்தவர்.

“கையால பறிச்சது சார் இது. கத்திரில வெட்டியிருந்தா இலை பாதியில அறுந்து நிக்கும். இது பாருங்க, காம்போட வந்திருக்கு.”

இரண்டு இலையும் நடுவில் சுருண்ட கொழுந்தும் ஒரே காம்பில் இருந்தன. அவருக்கும் ஒரு கோப்பை போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை இல்லாமல் குடித்துவிட்டு, “பேக்டரி வாசம் அடிக்குது” என்றார். இலை வாடும் கொட்டகையின் வாசத்தைச் சொன்னார்.

இப்போது புதிதாக ஓர் இலை வாங்கினால் முதலில் 50 கிராம்தான் வாங்குகிறேன். முதல் கோப்பை குடித்ததும் ஊறிய இலையைத் தட்டில் பரப்பி, ஓரம் அறுந்திருக்கிறதா, காம்பு முழுசா என்று அக்காவும் நானும் பார்ப்போம். அவர் தலையாட்டினால் அடுத்த முறை கால் கிலோ.