ஏரியின் மேல் ஒரு குடித்தனம்

"அம்மா, நாளைக்கு ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டி உன்னையும் அழைத்து வரச் சொன்னார்" என்று என் பெண் சொன்னபோது வெளியே குளிர் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? பூஜ்யத்துக்கும் கீழே 18 டிகிரி! வாசலில் வைத்த வாளித் தண்ணீர் கல்லாகிக் கிடந்தது. வாளிக்கே இந்தக் கதி என்றால் ஏரி என்ன ஆகியிருக்கும்? அதில் மீன் ஏது, பிடிப்பது எப்படி?

நான் இதைக் கேட்டதும் மாப்பிள்ளை சிரித்தார். "ஏரி உறைந்தால்தானே அத்தை அதன்மேல் காரை ஓட்ட முடியும்!" என்றார்.

2019 ஜனவரிக் கடைசியில் நடந்தது இது. அமெரிக்காவின் வடக்கு எல்லையில் கனடாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரத்தில் என் பெண் குடியிருந்தாள். அங்கிருந்து 169ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 100 மைல் போனால் மில் லாக்ஸ் என்ற ஏரி வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். ஆயிரம் ஏரிகள் என்று அர்த்தம். ஆனால் இருப்பதென்னவோ ஒரே ஏரிதான். பரப்பு 200 சதுர மைலுக்கும் அதிகம். ஆழம் மட்டும் எங்கேயும் 45 அடியைத் தாண்டாது. பெரிய தாம்பாளத்தில் பாயசத்தை ஊற்றி வைத்தாற்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். கரையிலுள்ள காரிஸன் என்ற சிற்றூரில், சாலை ஓரத்தில் ஒரு பிரம்மாண்டமான மீன் சிலை நிற்கிறது. அந்த மீனுக்குப் பெயர் வால்ஐ. முதலில் என் காதில் நம் ஊர் வாளை என்றுதான் விழுந்தது. அது வேறு, இது வேறு. 1965-இலிருந்து இதுதான் மின்னசோட்டாவின் மாநில மீன்.

கார் கரையை விட்டு ஏரிக்குள் இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறைப்பானேன்? காலடியில் பனிக்கட்டி 4 அங்குலம் கெட்டியாயிருந்தால் மனிதன் நடக்கலாம். சிறிய கார் போவதற்கு ஒன்பது, பத்து அங்குலம். லாரி மாதிரி வண்டிகளுக்குப் பதின்மூன்றாவது வேண்டும். அன்று ஒன்றரை அடிக்குக் குறைவில்லை என்று பாட்டி தைரியம் சொன்னார். "ஆனால் முழுக்க நம்பக்கூடிய பனிக்கட்டி என்று உலகத்திலேயே கிடையாது" என்றும் அதே மூச்சில் சேர்த்துச் சொன்னார்! பனிக்கட்டி வெடிக்கும் இடங்களில் விரிசலுக்கு மேல் சிறு பாலம் போட்டிருக்கிறார்கள். பனியை ஒதுக்கிச் சாலை போட்டு, வழிகாட்டி நட்டு, வரிசை வரிசையாகக் குடிசைகள் வைத்திருக்கிறார்கள். நேற்று வரை அலை அடித்த இடத்தில் இன்று ஓர் ஊர்! குளிர்காலம் முடிவதற்குள் அந்த ஊரை ஒன்றுவிடாமல் கரைக்கு இழுத்து வந்துவிட வேண்டும் என்பது சட்டம்.

பாட்டியின் குடிசை நம் வீட்டுச் சமையலறை அளவுதான். உள்ளே கணகணப்பான அடுப்பு, இரண்டு பெஞ்சு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. தரையில் மட்டும் நாலு வட்டத் துவாரங்கள். மாவு சலிக்கும் சல்லடை போன்ற ஒரு கரண்டியால் பாட்டி அவற்றில் மிதந்த பனித் துண்டுகளை வாரி எடுத்தார். எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர். வயிற்றைப் பிசைந்தது. அந்தச் சமயம் பார்த்து ஏரி முழுவதும் பீரங்கி வெடித்தாற்போல ஒரு முழக்கம்! குளிரில் பனிக்கட்டி இறுகிப் பருக்கும்போது அப்படித்தான் சத்தம் போடுமாம். பாட்டி காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

பிறகு பெட்டியைத் திறந்தார். சகோதரிகளே, நகைப் பெட்டி என்றே நினைத்தேன்! சின்னச் சின்ன அறைகள். அவற்றில் பொன்னிறத்திலும் வெள்ளியிலும், கிளிப்பச்சையிலும் ஆரஞ்சிலும் மினுமினுக்கும் தொங்கட்டான்கள். எல்லாம் பொய்யிரை. மீனை ஏமாற்றுவதற்கென்று உலோகத்தில் செய்த போலிக் குஞ்சு மீன்கள். தட்டையாய் நீண்டிருப்பதற்கு ஸ்பூன் என்றே பெயர். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில் ஒருவன் படகில் சாப்பிடும்போது கரண்டியை ஏரியில் தவறவிட்டானாம்; அது பளபளவென்று அசைந்து இறங்கும்போது ஒரு மீன் பாய்ந்து கவ்விற்றாம். கதைதான். ஆனால் வீட்டில் கரண்டி காணாமற் போனால் பழி போட ஓர் ஆள் கிடைத்தது அல்லவா!

இன்னொன்றின் பெயர் 'ஸ்வீடிஷ் பிம்பிள்'. ஸ்வீடன் தேசத்து முகப்பரு என்று அர்த்தம். செய்வதோ மிச்சிகனில். மூன்றாவதாகப் பாட்டி எடுத்துக் காட்டியது மீன் மாதிரியே இருந்தது. தலையிலும் வாலிலும் கொக்கி. இழுத்து விட்டால் தண்ணீருக்குள் வட்டமடித்து நீந்துகிறது. அதைச் செய்யும் கம்பெனியை ஆரம்பித்தவர் பின்லாந்து தேசத்துச் செம்படவர், லௌரி ரபாலா. உடம்பு சரியில்லாததுபோல் கொஞ்சம் தள்ளாடி நீந்தும் குஞ்சையே பெரிய மீன் தேடிப் பிடிக்கிறது என்று அவர் கவனித்துவிட்டார். 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லெட் சுற்றி வரும் ஈயத் தாளை ஒட்டி, புகைப்பட நெகடிவை உருக்கி மேலே பூசி, தள்ளாடும் மீன் ஒன்றைச் செய்தார். 1962 ஆகஸ்டில் 'லைஃப்' பத்திரிகை அதைப்பற்றி எழுதிற்று. நடிகை மர்லின் மன்றோ இறந்ததைத் தாங்கி வந்த இதழ் அது. வீட்டுக்கு வீடு அந்த இதழ் போகவே, இந்த மரமீனின் புகழும் கூடவே போய்விட்டது.

பொம்மை மீன் காட்டி நிஜ மீனை வரவழைக்கும் வித்தை இவர்களுக்கெல்லாம் முந்தியது. அந்த நாட்டின் ஆதிக்குடிகளான ஒஜிப்வே மக்கள் மரத்தில் மீன் செதுக்கி, வயிற்றில் ஈயம் வைத்து, பனித் துவாரத்தில் நூலில் ஆட்டுவார்கள். இருட்டுக் கூடாரத்துக்குள் படுத்தபடி, கிட்டே வரும் மீனை ஈட்டியால் குத்துவார்கள். மில் லாக்ஸ் கரையில் இன்றும் அவர்கள் வாழ்கிறார்கள். 1837-இல் நிலத்தை விட்டுக் கொடுத்தபோதும் மீன் பிடிக்கும் உரிமையை விடாமல் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். அந்த உரிமை செல்லும் என்று 1999-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

சரி, இத்தனையில் எதை எடுப்பது? சேலைக் கடையில் நாம் தவிப்பதுபோல நான் தவித்தேன். பாட்டி சொன்ன கணக்கு இதுதான்: தெளிந்த தண்ணீர், நல்ல வெயில் என்றால் வெள்ளி நிறம். கலங்கலாயிருந்தால் பொன் நிறம். பொழுது மங்கினால் இருட்டில் ஒளிரும் வர்ணம். அதை முதலில் டார்ச் விளக்கில் காட்டி ஒளி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும் என்றால் அந்த மீனின் கண் அப்படி. பூனைக்கு இருப்பதுபோல் விழிக்குள்ளே ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. அந்தி மயங்கும்போது மற்ற மீன்களெல்லாம் தடுமாறும். இதற்கோ அப்போதுதான் வேட்டை நேரம். மீன் பிடிக்கிறவர்களும் பகலெல்லாம் சீட்டாடிவிட்டு, சூரியன் சாய்ந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

பாட்டி தம் பெட்டியின் மூலை அறையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து என் தூண்டிலில் கட்டினார். பொன் நிறம், ஒரு பக்கத்துச் சிவப்புச் சாயம் பாதிக்குமேல் தேய்ந்துபோயிருந்தது. "இது அவருடையது. புதுக் கைக்கு இதுதான் சரி" என்றார். அவர் கணவர் முந்தின வசந்த காலத்தில் தவறிப்போனவர். "வேண்டாமே, வேறு கொடுங்கள்" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு குஞ்சு மீனின் தலையை மட்டும் கிள்ளி, கொக்கியின் ஒரு முள்ளில் குத்தினார். வாசனைக்குத் தலை போதும். முழு மீனைக் குத்தினால் ஸ்பூனின் ஆட்டம் கெட்டுவிடும்.

இனிக் கை வேலை. தூண்டிற் கோல் இரண்டரை அடிதான். ஸ்பூன் தரையைத் தொட்டதும் ஓர் அடி உயர்த்த வேண்டும். சட்டென்று தூக்கி, தளர விட வேண்டும். அது படபடவென்று இறங்கும். தூரத்து மீன் திரும்பிப் பார்க்கும். இப்படி மூன்று, நாலு தடவை. நடுவில் தரையில் ஒரு தட்டு, புழுதி கிளம்பட்டும். பக்கத்தில் கடிகாரம் மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார்கள். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, எதிலாவது பட்டுத் திரும்புவதை வர்ணக் கோடாகக் காட்டுகிறது. மெல்லிய கோடு நம் ஸ்பூன். கீழே தடித்த கோடு ஒன்று எழும்பினால் மீன் வந்துவிட்டது என்று பொருள்.

அந்தச் சமயத்தில்தான் எல்லோரும் கெடுக்கிறார்கள். மீனைக் கண்ட ஆவேசத்தில் இன்னும் வேகமாய் ஆட்டுகிறார்கள். பனிக்கட்டிக்கு அடியில் ஏரியின் அடித்தண்ணீர் 4 டிகிரி செல்ஷியஸில் நிற்கும். அந்தக் குளிரில் மீனின் ரத்தமும் மந்தம், பசியும் மந்தம். துரத்திப் பிடிக்க அதற்குத் தெம்பு கிடையாது. ஆகையால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். தூங்கும் குழந்தையின் தொட்டிலில் விரல் வைத்திருப்போமே, அந்த அசைவு போதும். பிறகு அங்குலம் அங்குலமாக மேலே தூக்க வேண்டும். மேலே போவதைத்தான் அது பின்தொடரும். தன் கண்ணுக்குக் கீழே போனதைத் தேடாது.

அதிலும் நம்பாத மீனுக்கு இரண்டாவது தூண்டில். குளிர்காலத்தில் ஆளுக்கு இரண்டு போட அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. வெறும் கொக்கியில் உயிருள்ள குஞ்சு. அதை ஆட்டுவதே இல்லை. பொம்மைக்கு உடுத்திய சரிகைச் சேலையைப் பார்த்துக் கடைக்குள் நுழைந்து, மடித்து வைத்த நூல் சேலையை வாங்கி வருகிறோமே, அந்த வியாபாரம்தான்.

ஐந்து மணி சுமாருக்கு என் கோல் வளைந்தது. கத்தினேன். நூல் சர்ரென்று ஓடிற்று. பிறகு எடையே இல்லை. சுற்றி எடுத்தால் வெறும் நூல், கத்தரித்தாற்போல. "பைக்" என்றார் பாட்டி. அது வேறு மீன். வாய் நிறையப் பல், மெல்லிய நூலெல்லாம் அதற்கு இடியாப்பம். ஸ்பூன் போய்விட்டது.

எனக்குத் தொண்டை அடைத்தது. மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. பாட்டி சற்று நேரம் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பெட்டியைத் திறந்து வேறொன்றைக் கட்டினார். "ஐந்தே கால். இன்னும் அரை மணி கடிக்கும்" என்றார்.

அந்த அரை மணியில்தான் என் வால்ஐ வந்தது. பொன்னும் பாசியும் கலந்த நிறம், கண்ணாடிக் கோலி போன்ற கண். பாட்டி பலகையில் வைத்து அளந்தார்: 25 அங்குலம். "விட்டுவிட வேண்டும்." அந்தக் குளிர்காலத்தில் ஆளுக்கு ஒரே மீன், அதுவும் விதித்த நீளத்துக்குள் இருக்க வேண்டும். ஏரியில் மீன் குறைந்துபோய், 2015-இல் பருவத்தின் நடுவிலேயே வால்ஐ பிடிப்பதை நிறுத்தினார்கள். கரையில் விடுதி வைத்துப் பிழைக்கிறவர்கள் பட்ட பாட்டைப் பாட்டி சொல்லக் கேட்டேன். "இந்த அளவுக்கு வளர்ந்தது பெண்ணாகத்தான் இருக்கும்" என்று சொல்லித் துவாரத்தில் தலைகீழாய் விட்டார். வாலை ஒரு வீசு வீசிற்று, போய்விட்டது. இராத்திரி நாங்கள் வறுத்துத் தின்றது பாட்டி பிடித்த மீனை. முள் அதிகமில்லை, வெண்ணெய் மாதிரி கரைகிறது. மிளகாய்ப் பொடி இருந்திருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

இந்தக் குடித்தனமும் இனி நிச்சயமில்லை. 2023 டிசம்பரில் அங்கே குளிரே வரவில்லை. மில் லாக்ஸுக்கு வடக்கேயுள்ள அப்பர் ரெட் ஏரியில் பனிக்கட்டி பிளந்து, நூறு பேருக்குமேல் அதன்மேல் மிதந்துபோனார்கள். நல்ல வேளை, எல்லோரையும் கரை சேர்த்துவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் தம் குடிசையை ஏரிக்குக் கொண்டுபோகவே இல்லை என்று பாட்டி என் பெண்ணிடம் சொன்னாராம்.

மறுநாள் ஊர் திரும்புமுன் கரையிலுள்ள இரைக் கடையில் காரை நிறுத்தச் சொன்னேன். சுவர் முழுக்கத் தேடி அதே ஸ்பூன், அதே பொன், அதே சிவப்பு ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கி, பாட்டியிடம் தயங்கித் தயங்கிக் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனாக் கத்தியை எடுத்தார். சிவப்புச் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். பாதிக்குமேல் போனதும் நிறுத்தி, பெட்டியின் மூலை அறையில் வைத்து மூடினார்.