வீழ்ந்து காட்டிய வீரர்

பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள் உயரத்தால் பெயர்பெற்றவர்கள் அல்லர். ஆயினும், உயரமே முதல் தகுதி எனக் கருதப்படும் கூடைப்பந்தாட்டத்தை அவர்கள் தங்கள் உயிராகக் கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கர் ஆட்சிக்காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளிக்கூடங்கள் வழியாகவும் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் வழியாகவும் அங்கே சென்று சேர்ந்த ஆட்டம் அது. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில் அந்நாட்டினர் ஐந்தாம் இடம் பெற்றனர். 1954இல் ரியோ டி ஜெனீரோ நகரில் நடந்த உலகப் போட்டியில் மூன்றாம் இடத்தையே பிடித்துவிட்டனர். அதைவிட மேலான இடத்தை எந்த ஆசிய நாடும் அப்போட்டியில் இன்றுவரை எட்டியதில்லை.

இவையெல்லாம் ஏட்டில் உள்ள செய்திகள். அந்த ஆட்டத்தின் மீது அம்மக்கள் வைத்துள்ள பற்றை நான் அறிந்துகொண்டது ஏட்டினால் அன்று. வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியபோது, எங்கள் குடியிருப்பில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் பலர் இருந்தனர். வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கிருந்தோ ஒரு பலகையையும் இரும்பு வளையத்தையும் தேடிப்பிடித்துக் கம்பத்தில் கட்டிவிடுவார்கள். பகலெல்லாம் வெயிலில் வெந்தவர்கள், இரவு பத்து மணிக்கு ரப்பர் செருப்புடன் குதித்துக் குதித்துப் பந்தெறிவதைக் காண வேண்டுமே! அவர்களுடைய ஊர்களில் தென்னை மரத்திலும் வளையம் உண்டாம், மின்கம்பத்திலும் உண்டாம். பங்கின் பாதுகாவலர் திருவிழா வந்தால், நவநாள், தேர்ப்பவனி ஆகியவற்றோடு கூடைப்பந்துப் போட்டியும் கட்டாயம் உண்டு என்றார்கள்.

அவர்கள் வாயிலிருந்துதான் பெஞ்சி பாரஸ் என்னும் பெயரை முதன்முதலில் கேட்டேன். அவரை ஆட்டக்காரர் என்று ஒருவர் சொல்வார். உடனே மற்றொருவர், "இல்லை, அவர் சிரிப்பு நடிகர்" என்பார். இருவர் சொல்வதும் மெய்யே.

பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் அணி 1986ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கோப்பையை வென்றபோது, அதன் நடுத்தூணாக நின்ற இளைஞர் அவர். அக்கோப்பை மீண்டும் அப்பல்கலைக்கழகத்திற்குக் கிட்டியது 2022இல்தான் என்றால், அந்த வெற்றியின் அருமை விளங்கும். 1989இல் அவர் தொழில்முறைப் போட்டிக்குள் நுழைந்தார். 1975இல் தொடங்கப்பெற்ற அந்தப் போட்டி அமைப்பே ஆசியாவில் முதலாவது. ஊர்களின் பெயரால் அன்றி, வணிக நிறுவனங்களின் பெயரால் அணிகள் வழங்குவது அதன் வழக்கம். எண்ணெயும் மதுபானமும் அங்கே ஒன்றையொன்று எதிர்த்துப் பந்தாடும்! பெட்ரோல் நிறுவனமான ஷெல்லின் அணி, புதுமுகங்களுள் முதல் ஆளாகப் பாரஸைத் தெரிந்தெடுத்தது. அந்த ஒரே பருவத்தில் சிறந்த புதுமுகம் என்ற விருதையும், அனைவரிலும் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் சேர்த்துப் பெற்றார். அவருக்கு முன்னும் பின்னும் அந்தப் பேறு வேறு எவருக்கும் வாய்க்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் அணி கோப்பையை வென்றது. எதிரணியினர் நடுவரின் தீர்ப்பை ஏற்காமல் பாதி ஆட்டத்தில் களத்தைவிட்டு வெளியேறியதால் கிடைத்த, சற்றுக் கசப்பான வெற்றி அது. பத்தாண்டுகள் கழித்து 1999இல், இனி இவர் அவ்வளவுதான் எனப் பலர் எண்ணியிருக்கக்கூடிய வயதில், சிறந்த ஆட்டக்காரர் விருதை இரண்டாம் முறையாகப் பெற்றார். 'வலிமைக் கோபுரம்' என்பது ரசிகர்கள் அவருக்குச் சூட்டிய பட்டம்.

இத்தகைய மனிதர்தாம் தொலைக்காட்சியில் கோமாளியாக வந்து நின்றார். களத்தில் எதிரிகளை அஞ்சச் செய்த அதே பேருடல், சின்னத்திரையில் சிரிப்புக்குரிய பொருளாயிற்று. நகைச்சுவைத் தொடர்களில் நடித்தார், திரைப்படங்களில் தோன்றினார், நிகழ்ச்சிகளைத் தொகுத்தளிக்கவும் செய்தார். ஆட்டம் முடிந்து பிழைப்புக்கு வழியில்லாமல் செய்ததாகவும் சொல்ல முடியாது. களத்தில் இருந்த காலத்திலேயே நடிக்கத் தொடங்கிவிட்டார்.

இதில் என்ன வியப்பு என்று வாசகர்கள் கேட்கலாம். வலிமையால் புகழ் பெற்றவனுக்குத் தன் வலிமை குறைவதைப் பார்ப்பதைவிட, பிறர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுதான் பெருந்துன்பம். நம் குடும்பங்களிலேயே பாருங்கள்: ஓய்வு பெற்ற அதிகாரி, தளர்ந்துவிட்ட உழைப்பாளி, ஒரு காலத்தில் ஊரையே அதட்டிய தாத்தா. பேரக்குழந்தை அறியாமல் ஒரு கேலி செய்துவிட்டால் போதும். அன்று வீட்டில் உலை கொதிக்காது. பழைய பெருமையை மார்பில் பதக்கமாகக் குத்திக்கொண்டே வாழ்நாளைக் கழிப்பவர்கள் இவர்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதக்கத்தைக் கழற்றினால் உள்ளே என்ன மிஞ்சும் என்ற அச்சம் அவர்களுக்கு.

என் அறையில் உடன் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் நண்பரின் தந்தையும் அத்தகையவரே. தம் ஊர்த் திருவிழாப் போட்டிகளில் பெயர் போனவராம். முழங்கால் முறிந்தபின் களத்தின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. களத்தைச் சுற்றிக்கொண்டு, நீண்ட வழியில் கோயிலுக்குப் போவாராம். பாரஸ் தொலைக்காட்சியில் அசடாக நடித்ததை முதன்முறை கண்டபோது, "மானம் கெட்டவன்! விருது வாங்கிய கை இது!" என்று பெட்டியை அணைத்துவிட்டார். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. மறுவாரம் அதே நேரத்தில் அவரே எழுந்துபோய்ப் பெட்டியைப் போட்டார். சிரிக்கவில்லை, ஆனால் முடியும்வரை பார்த்தார். அதற்கடுத்த வாரங்களில், மனைவியும் பிள்ளைகளும் அடக்கி வைத்த சிரிப்பு ஒருநாள் பீறிட்டபோது, அவரும் சேர்ந்து குலுங்கினாராம்.

"என் அப்பா சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்" என்று நண்பர் சொன்னார். அப்போது அவருக்கு வயது பதினாறு.

பாரஸின் மகன்களுள் இருவர் தந்தை வழியிலேயே நடந்தது பிலிப்பைன்ஸ் மக்களுக்குத் தெரிந்த செய்தி. ஆண்ட்ரே நடிகராகி, பின் 2021இல் தொழில்முறை அணியொன்றுக்கும் தெரிந்தெடுக்கப்பட்டார். கோபி, தந்தை ஆடிய பல்கலைக்கழகத்திற்காகவே 2019இல் ஆடினார். ஒருவர் திரையையும் மற்றவர் களத்தையும் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று நாம் சொன்னால் அது முழு உண்மையாகாது. இருவரும் இரண்டிலும் கால் பதித்தவர்கள்.

நண்பரின் தந்தை பிற்பாடு களத்திற்குத் திரும்பினார்; ஆடுவதற்கு அன்று. அந்நாட்டின் ஊர்ப் போட்டிகளில், ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைக் கேலியும் கிண்டலுமாக வருணிக்கும் ஒருவர் இருப்பார். அந்தப் பணியை அவர் ஏற்றார். பந்தைத் தவறவிட்ட பையனைப் பார்த்து, "கவலைப்படாதே மகனே, என் காலைப் பார், அதுவும் இப்படித்தான் தவறவிட்டது!" என்று ஒலிபெருக்கியில் சொல்வாராம். ஊர் முழுதும் சிரிக்குமாம். திருவிழா நாள்களில் நண்பர் ஊருக்குத் தொலைபேசியில் பேசினால், பின்னணியில் அந்தக் குரல் கேட்கும். மொழி எனக்குப் புரியாது. சிரிப்பு மட்டும் புரியும்.